இருவதுக்கு பதினெட்டு

போன மாசம் அடையார்ல ஒரு டாக்டரம்மா என்னிய எதிர்ல குந்த வெச்சி மூணு மணி நேரம் பேசுனாங்கோ. ஊசி கெடையாது, மாத்திரை கெடையாது. நாக்க நீட்டுன்னு கூட சொல்லல. நடுவுல ஒரு தபா டீ வந்துச்சு. பிஸ்கோத்தோட.

எதுக்குன்னு கேக்கறீங்களா? என் மண்டை நேரா கீதா, கோணலா கீதான்னு பாக்க.

சிரிக்காதீங்கோ. பேப்பர்ல அப்டித்தான் வந்துச்சு. இருவதுக்கு பதினெட்டு.

நேரா சொல்லிடணும்னுதான் ஆசை. ஆனா என்னப் பத்தி உங்களுக்குத் தெரியுமே... எனக்கு கையி கத்தி புடிக்கும், பேனா புடிக்காது. வாரா வாரம் நான் போன்ல பேசி அனுப்பறத பத்திரிகை ஆபீசுல ஒரு பொண்ணு எழுதி போடுது. அது போன வாரம் கேக்குது: "ஆயா, நெத்திலி வறுவல்ல ஆரம்பிச்சீங்க, மாதா கோயில் கொடியேத்தத்துல முடிச்சீங்க, நடுவுல நெத்திலி இன்னா ஆச்சு?" துன்னுட்டோம்மான்னேன். வேற இன்னா ஆவும்?

சரி. விசயத்துக்கு வர்றேன்.

நஸ்ரீன் மொத மொதல்ல எங்க வரிசைக்கு வந்தது ஒரு செவ்வாக்கெழம. பட்டினப்பாக்கத்துல மீன் விக்கறவளுக்கு செவ்வாக்கெழமன்னா கொஞ்சம் டல்லு — பாதி மயிலாப்பூரு அன்னிக்கு மீன் தொடாது. பதினோரு பொம்பளைங்க வரிசையா பலக போட்டு ஈ ஓட்டிக்கினு இருந்தோம். தலையில துப்பட்டா, தோள்ல பையி, கையில ஒரு அட்டையில சொருவுன பேப்பரு — ஒரு பொண்ணு வந்து நிக்குது. மீன் வாங்க வர்றவ மொதல்ல செவுளப் பாப்பா. இது எங்க மூஞ்சியப் பாக்குது.

"ஆயா, ஒரு இருபது நிமிஷம் பேசலாமா?"

"இருவது நிமிசமா? இதாண்டயா கேட்ட நீ, இது வாரம் பூரா பேசும். குந்து"ன்னா செல்வி.

செல்வி எனக்கு பக்கத்து பலக. பதினஞ்சு வருசமா என் தோளும் அவ தோளும் இடிச்சிக்கினு கீது. வாயின்னா வாயி, அப்டி ஒரு வாயி.

பொண்ணு ராயப்பேட்டையாம். வூட்டுல உருது பேசுவாங்களாம், அவங்கப்பா தி. நகர்ல ஜரிகை வேல செய்றாராம். இது காலேஜ்ல மனச பத்தி பெரிய படிப்பு படிக்குது. நெறைய பேரு ஒடம்ப பத்தி படிக்கறாங்கோ, இது மனச பத்தி. எனக்கு புட்ச்சி போச்சு.

"இன்னா கேக்கப் போற?"ன்னேன்.

வாயில நிக்காத ஒரு இங்கிலீசு பேரு சொன்னா. ஸ்கீசோ... டைப்பல்னு வரும். மூணு தபா சொல்லிக் குடுத்தா, மூணு தபாவும் வெலாங்கு மீனு மாதிரி வழுக்கிக்கினு பூட்டுது. அப்பால அவளே எறங்கி வந்து சொன்னா:

"சில பேர் கொஞ்சம் தனி ரகமா இருப்பாங்க ஆயா. யாருக்கும் தோணாதது அவங்களுக்குத் தோணும். யாரையும் சட்டுனு நம்ப மாட்டாங்க. மனுஷங்ககிட்ட நெருங்க மாட்டாங்க. அது நோய் இல்ல, குணம். கொஞ்சம் இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். ரொம்ப இருந்தா யாராவது கவனிக்கணும். அதைக் கண்டுபிடிக்க டாக்டர் மணிக்கணக்கா உக்காந்து பேசணும். எல்லார்கிட்டயும் அப்படிப் பேச முடியுமா? அதுக்குத்தான் இந்த இருபது கேள்வி. இங்கிலீஷ்ல இந்த மாதிரி இருக்கு. நான் தமிழ்ல பண்ணிருக்கேன்."

"பண்ணிட்டியே, அப்பால இன்னா?"

"இது உண்மை பேசுதான்னு பாக்கணும். இந்தச் சின்னப் பேப்பர் சொல்றதும், டாக்டர் மூணு மணி நேரம் பேசிட்டுச் சொல்றதும் ஒண்ணா இருக்கணும். இல்லேன்னா இது வெறும் பேப்பர்."

அட, இத்த சொல்ல இவ்ளோ சுத்தணுமா? புதுசா தராசு வாங்குனா நாங்க இன்னா பண்றோம்? பக்கத்து பலக தராசுல போட்ட மீன இதுலயும் போட்டு பாக்கறோம். ரெண்டும் ஒண்ணு சொன்னா வெச்சிக்குவோம். மறுநா மறுபடியும் போட்டு பாப்போம். அவ்ளோதானேன்னேன்.

பொண்ணு என்னிய அப்டியே பாத்துச்சு. "எங்க கைடு இதை ஒரு மாசம் சொல்லிக் குடுத்தாங்க ஆயா"ன்னுச்சு.

ரெண்டு வருசமா இதே வேலையாம். அசோக் நகர்ல காலேஜ் பொண்ணுங்ககிட்ட கேட்டாச்சு, ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைங்கள்ல கேட்டாச்சு — அங்கல்லாம் பேப்பரும் டாக்டரும் ஒண்ணு போல சொல்லிக்கினு வந்துகிது. அவங்கல்லாம் தானா படிச்சி தானா டிக் போட்டவங்கோ. மிச்சம், எங்கள மாதிரி படிக்காத ஆளுங்கோ. படிச்சி காட்டி கேக்கணும். எங்ககிட்ட மட்டும் இது தப்பா காட்டுச்சுன்னா ரெண்டு வருச வேலையும் குப்பையில, வேற வேல பாருன்னு கைடு சொல்லிட்டாங்களாம். பாதி ஊருக்கு பொய் சொல்ற பேப்பர வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னு கேட்டாங்களாம். ஞாயந்தானே?

"கேளு கண்ணு. ஒன் பேப்பர நாங்க பாஸ் பண்ணி வுடறோம்"ன்னேன்.

அங்கதான் வந்துச்சு வெனை.

என் பலகைக்கு எதிர்ல ஒரு ஸ்டூல போட்டு, சத்தமா படிச்சா. ஆமா, இல்ல — ரெண்டுல ஒண்ணு சொல்லணும்.

"தனியா இருக்கும்போது பக்கத்துல யாரோ இருக்கற மாதிரி உங்களுக்குத் தோணுமா?"

நான் வாய தொறக்கல. செல்வி சொல்லிட்டா: "ஆமா போடு. அதுக்கு புருசன் கூடவே கீறாரு. வஞ்சிரம் வெட்டும்போது அவரோட பேசிக்கினேதான் வெட்டும்."

அது நெசந்தான். அந்தோணி கடலுக்கு போயி திரும்பாம இருவது வருசம் ஆவுது. நான் பேசறத நிறுத்தல.

"காத்து, வானம், பறவை... இதுலேர்ந்து உங்களுக்குன்னு ஏதோ சேதி வர்ற மாதிரி இருக்குமா?"

வரிசையே சிரிச்சிச்சு. "காத்து சேதி சொல்லாம எவன் படகு எறக்குவான்? ஆமா போடு."

"மத்தவங்க மனசுல நினைக்கறது உங்களுக்குத் தானா தெரிஞ்சிடுமா?"

"தெரியாம? நடந்து வர்றப்பவே தெரியும், இவ வாங்குவாளா, வெலய மட்டும் கேட்டுக்கினு பூடுவாளான்னு. ஆமா."

"நல்லா பேசறவங்ககூட உள்ள வேற ஏதோ நினைச்சுதான் பேசறாங்கன்னு சந்தேகம் வருமா?"

"சிரிச்சி சிரிச்சி பேசி எடையில அடிக்கறானே, அந்த ஐஸ்காரன கேளு."

"அது ஆமாவா, இல்லயா?"

"ஆமாம்மா."

"கடைக்குள்ள போனா எல்லாரும் உங்களையே பாக்கற மாதிரி இருக்குமா?"

போன தீவாளிக்கு தி. நகர்ல ஏசி கடையில பொடவ எடுக்கப் போயி, எங்க வாசனைக்கு ஒரு பக்கமே காலி ஆனத செல்வி ஆரம்பிச்சா. அத்த முடிக்க பத்து நிமிசம். ஆமா.

"பேசும்போது சொல்ல வந்ததை விட்டுட்டு வேற எங்கயோ போயிடறீங்கன்னு யாராவது..."

நஸ்ரீன் இத்த முடிக்கவே இல்ல. பத்து வாயும் ஒண்ணா, "ஆமா."

இல்லன்னு வந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, உன் துணிமணி விசித்திரமா கீதுன்னு யாருனா சொல்றாங்களான்னு. அல்லாரும் ஒரே கடையில எடுக்கற பொடவ, யாரு இன்னா சொல்லுவா? இன்னொண்ணு — வூட்டு ஆளுங்கள தவிர மனசு வுட்டு பேச யாருமே இல்லன்னு தோணுதா? அதுக்கு செல்வி கோவமாவே சொன்னா: "இல்லன்னு போடு. நாங்க பத்து பேரு குத்துக்கல்லு மாதிரி குந்திக்கினு கீறோம், யாருமே இல்லன்னா?"

எனக்கு நெஞ்சு நெறஞ்சி போச்சு.

இப்டியே பதினோரு பேருக்கும் ஆச்சு. செல்விக்கு நான் சொன்னேன், அந்த கடைசியில குந்தற குளோரிக்கு செல்வி சொன்னா. குளோரி எப்பவும் தலைய மட்டும் ஆட்டும். சீக்கிரமாவே முடிஞ்சிது. நஸ்ரீன் கூட்டிப் பாத்தா. மறுபடியும் கூட்டிப் பாத்தா.

"எவ்ளோ வந்துச்சு?"ன்னேன்.

"உங்களுக்குப் பதினெட்டு ஆயா."

"எவ்ளோக்கு?"

"இருபதுக்கு."

நான் பள்ளிக்கூடத்து வாசல் மிதிச்சதில்ல. எழுவது வயசுக்கு வாழ்க்கையில மொத மார்க்கு... இருவதுக்கு பதினெட்டு. செல்விக்கு பதினாறு, அவளவிட ரெண்டு மார்க்கு தூக்கல். டீக்கடையிலேர்ந்து பதினோரு பேருக்கும் போண்டா சொன்னேன். நஸ்ரீனுக்கு ரெண்டு. என் மவனுக்கு போன் போட்டு, "டேய், ஒன் ஆத்தா பாஸு"ன்னேன்.

நஸ்ரீன் போண்டாவ கையிலயே வெச்சிக்கினு நின்னா. மூஞ்சி தொங்கி போச்சு.

"இன்னா கண்ணு, ஒறப்பா?"

"ஆயா... இதுல மார்க் நிறைய வாங்கக் கூடாது."

பன்னெண்டுக்கு மேல வந்தாலே டாக்டரு பாக்கணுமாம். எங்க வரிசையில பதினோரு பேருமே பன்னெண்ட தாண்டிட்டோம். மெட்ராசுலயே எங்கயும் இப்டி வர்லயாம். ஒரு மீன் வரிசை பூரா மண்டை கோணல்னா, ஒண்ணு மீனுல எதுனா கீது, இல்ல பேப்பர்ல எதுனா கீது.

அப்பாலதான் அந்த அடையாரு.

மார்க்குல நான்தானே ஃபர்ஸ்ட்டு, அதனால மொதல்ல நான். இருக்கறதுலயே நல்ல பொடவ, மல்லிப்பூ. நஸ்ரீன் ஆட்டோ கொண்டாந்தா. டாக்டரம்மா மயிலாப்பூர் பக்கத்து மாமி, தலை பூரா வெள்ள முடி, மூக்குல ரெண்டு பக்கமும் வைரம். மீனே துன்னாதவங்கோ. ஆனா மூணு மணி நேரமும் மீன பத்தி தான் கேட்டாங்கோ. அப்டித்தான் எனக்கு தோணிச்சு.

"உங்காத்துக்காரர் உங்களோட பேசறாரா?"

"நான் பேசறேன் டாக்டரம்மா. அவரு கேட்டுக்கினு கீறாரு."

"பதில் சொல்வாரோ?"

"உசுரோட இருந்தப்பவே சொன்னதில்ல."

மாமி பேனாவ கீழ வெச்சிட்டு சிரிச்சாங்கோ. அப்பால நெதானமா கேட்டாங்கோ: "அவர் இப்ப இந்த ரூம்ல இருக்காரா?"

"எப்டி இருப்பாரு? ஆட்டோவுல நானும் நஸ்ரீனும்தானே வந்தோம்."

"காத்து சேதி சொல்லும்னேளாமே. உங்களுக்கு மட்டும் சொல்லுமா?"

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சொல்லப் போவுது? கரையில அல்லாருக்கும்தான் சொல்லும். தெக்க இருந்து அடிச்சா இப்டி, வாடைக்கு இப்டி. உங்களுக்கும் கத்து தரேன், வாங்கோ ஒரு நாளு."

"வரேன், வரேன்"னாங்கோ. வர மாட்டாங்கோ. அந்த நாத்தத்துக்கு எப்டி வருவாங்கோ, பாவம்.

திரும்பி ஆட்டோவுல வர்றோம். சாந்தோம் கிட்ட வந்ததுக்கு அப்பால நஸ்ரீன் சொன்னா: "மேடம் உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டாங்க ஆயா. அவங்க கணக்குல பூஜ்யம்."

எனக்கு சுருக்குன்னுச்சு. மூணு மணி நேரம் பேசியும் பூஜ்யமா?

பக்கத்துல பாத்தா, அது ரோட்டு பக்கம் திரும்பிக்கினு துப்பட்டாவால மூக்க தொடைக்குது. அப்பதான் எனக்கு ஒறச்சிச்சு. ஒரே ஆளு. இந்த தராசுல பதினெட்டு, அந்த தராசுல பூஜ்யம். இந்த பொண்ணோட ரெண்டு வருசம் பூட்டுது. அதுவும் யாரால? போண்டா வாங்கி குடுத்து கொண்டாடுனேனே, என்னால.

"நான் பொய் சொல்லல கண்ணு"ன்னேன்.

"தெரியும் ஆயா. பேப்பர்தான் பொய் சொல்லிருக்கு."

ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. நானும் பொய் சொல்லல, அந்த பொண்ணும் ஒழுங்காத்தான் கேட்டுச்சு. அப்போ எங்க இடிக்குது?

மூணாம் நாளு காலையில எட்டு மணி இருக்கும். மந்தவெளியிலேர்ந்து வழக்கமா வர்ற ஒரு அம்மா வந்தாங்கோ. செல்வி பலகையில கெடந்த சங்கராவ தொட்டுக்கினு கேட்டாங்கோ: "செல்வி, இது இன்னிக்கு வந்ததா?"

"ஆமாம்மா, இன்னிக்கு வந்தது. கண்ணு பளபளன்னு கீது பாருங்கோ."

சொன்னது யாரு? நானு.

செல்வி மீன நான் பாக்கக் கூட இல்ல. என் வாய் தானா சொல்லிட்டுது. எனக்கு அந்தாண்ட குந்தினு இருந்தவளும் ஆமாங்கறா, அதுக்கு அந்தாண்ட இருந்தவளும் ஆமாங்கறா. கேள்வி கேட்டது செல்விய. செல்வி இன்னும் வாயே தொறக்கல.

கத்திய கீழ வெச்சிட்டேன்.

எங்க வரிசையில பழக்கம் அது. ஒருத்திய கேட்டா பதினோரு பேரும் பதில் சொல்லுவோம். வாங்க வந்தவங்க முன்னாடி பக்கத்து பலகைய வுட்டுக் குடுக்க மாட்டோம். கேள்வி முடியறதுக்குள்ள ஆமா சொல்லிடுவோம் — யோசிச்சா வந்தவங்க அடுத்த வரிசைக்கு பூடுவாங்கோ. இத்தினி வருசத்துல எங்கள்ல ஒருத்தியும் தனியா ஒரு பதில் சொன்னதில்ல. சொல்ல வுட்டதும் இல்ல.

(அந்த சங்கரா மெய்யாலுமே அன்னிக்கு வந்ததுதான். மந்தவெளி அம்மா இத்த படிச்சா பயப்படாதீங்கோ.)

ஒடனே நஸ்ரீனுக்கு போன் போட்டேன். "கண்ணு, நீ எங்க பதினோரு பேர கேக்கவே இல்ல. வரிசைய கேட்டுக்கினு பூட்ட. வரிசைக்கு பதினெட்டு வந்துகிது. ஒவ்வொருத்தியா கேளு."

"ஆயா, அங்கயே இருங்க. வர்றேன்"ன்னா.

வந்தா. மத்தியானம் ஆளுங்க இல்லாத நேரமா பாத்து, என்கிட்ட ஒவ்வொரு கேள்வியா எடுத்து, நீங்க ஆமான்னது எதுக்கு, எதுக்குன்னு கேட்டு எழுதிக்கினா. டாக்டரம்மாவும் அதே தான் சொல்லி அனுப்பிச்சிகிறாங்கோ: ஊரே நம்பறத ஒருத்தி நம்பறது வேற, யாருக்கும் இல்லாதது ஒருத்திக்கு மட்டும் தோணறது வேற. அதனால காத்து கேள்விக்கு கீழ ஒரு வரி சேத்தா — இது உங்க வீட்டுல, உங்க தெருவுல எல்லாரும் சொல்றதா, இல்ல உங்களுக்கு மட்டுமா? புருசன் கேள்விக்கும் அதே மாதிரி. கடைக் கேள்வியில, வேல முடிச்சி குளிச்சிட்டு போற நாள்லயும் அப்டி இருக்குமான்னு.

"மொத தபா எழுதிக்கினு போனத இன்னா பண்ணுவ?"ன்னேன்.

"தூக்கிப் போட மாட்டேன் ஆயா. சத்தமா, கூட்டத்துல வச்சுக் கேட்டா இப்படித்தான் வரும்னு எழுதுவேன். அடுத்து கேக்கப் போறவங்களுக்கு உதவும். கைடுகிட்ட கேட்டுட்டேன், இன்னும் ஒரு தடவை பாக்கலாம்னாங்க. ஒரே ஒரு தடவை."

அப்போ எடம்? கரையில தனி எடத்துக்கு எங்க போறது? எங்க கொட்டாய்க்கு பின்னாடி பெரிய ஐஸ் பெட்டி கீது. அதுக்கு அந்தாண்ட ஒருத்தி குந்தினா இந்தாண்ட தெரியாது. ஆனா குரலு கேக்குமே? செல்விக்கு காது பாம்பு காது. அதுக்கும் நான்தான் வழி சொன்னேன். வாயால பதிலே சொல்ல வேணாம். ரெண்டு டப்பா வெச்சிடு, ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். மடியில இருவது கிளிஞ்சல் குடுத்துடு. நீ காதோரமா கேளு. ஆமான்னா செவப்புல போடறோம், இல்லன்னா நீலத்துல. சத்தம் கேட்டாலும் எந்த டப்பான்னு எவளுக்கு தெரியும்?

பேப்பர்ல பேரு கெடையாது, நம்பரு தான்.

ஒவ்வொருத்தியா போனோம். போறப்ப சிரிச்சிக்கினு போனவளுங்க வர்றப்ப சிரிக்கல. செல்வி அஞ்சி நிமிசத்துல வந்துடுவேன்னு போனா — அரை மணி ஆச்சு. வந்து பேசாம தராச தொடச்சிக்கினு குந்திட்டா. அவ வாய் சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல. "இன்னாடி?"ன்னேன். "ஒண்ணியும் இல்ல போ"ன்னா.

அப்பால என் முறை.

ஐஸ் பெட்டி பின்னாடி சில்லுன்னு இருந்துச்சு. நஸ்ரீன் காதாண்ட குனிஞ்சி மெல்ல கேட்டா. காத்து சேதி — நீலம். புருசன் — எங்க கரையில புருசன கடலுக்கு குடுத்த எவ பேசல? நீலம். பேச்சு தடம் மாறுமா — சிரிச்சிக்கினே செவப்பு. இருக்கறத மறைக்க முடியுமா?

கடைக் கேள்வி வந்துச்சு. குளிச்சி, பவுடர் போட்டு, துவைச்ச பொடவ கட்டிக்கினு போற நாள்லயும் அல்லாரும் என்னியே பாக்கற மாதிரி இருக்குமா? யோசிச்சேன். ஆமா... இருக்கும். எங்கயோ ஒரு மூலையில, இவ மீன்காரின்னு தெரிஞ்சிடுச்சோன்னு. செவப்பு.

அப்பால அந்த இன்னொரு கேள்வி. வூட்டு ஆளுங்கள தவிர, மனசு வுட்டு பேச யாருமே இல்லன்னு தோணுதா?

கிளிஞ்சல கையில வெச்சிக்கினு ரொம்ப நேரம் குந்தினு இருந்தேன். அந்தாண்ட பத்து பேரு. வாரா வாரம் நான் பேசறத படிக்க நீங்க இத்தினி பேரு. பேச்சுக்கு எனக்கு இன்னா கொற? ஆனா ராவுல நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அத்த யாருகிட்டனா சொல்லிகிறேனா? எப்பனா அந்தோணி மூஞ்சி மறந்து பூடுதே, அத்த? செல்விகிட்ட சொன்னா ஜோக்கு அடிப்பா. மவன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு பூடுவான்.

நஸ்ரீன் அவசரப்படுத்தல. கடல் பக்கம் பாத்துக்கினு இருந்தா.

செவப்புல போட்டேன். டொக்குன்னு ஒரு சத்தம். அவ்ளோதான்.

மிச்சதெல்லாம் நீலம். எனக்கு மூணு. இருவதுக்கு மூணு. இந்த தபா போண்டா வாங்கல.

அப்பால பதினோரு பேரும் ஒவ்வொரு நாளா அடையாருக்கு போனாங்கோ — என்னியும் சேத்து, ரெண்டாவது தபா. நெறைய வந்தவங்கள மட்டும் பாத்தா பத்தாதாம். கம்மியா வந்தவங்களையும் பாத்து, கம்மி கம்மிதானான்னு தெரிஞ்சிக்கணுமாம். யாருக்கு எவ்ளோன்னு டாக்டரம்மாவுக்கு சொல்லவே இல்ல. அவங்க பாட்டுக்கு பேசி, அவங்க பாட்டுக்கு எழுதிக் குடுத்தாங்கோ. அப்பால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாக்கணும்.

அந்த நாளு எனக்கு வியாபாரமே ஓடல. ரெண்டு பேருக்கு சில்லறைய மாத்தி குடுத்தேன். நாலு மணி வாக்குல நஸ்ரீன் வந்தா. ஓடி வந்தா. அந்த மணல்ல யாரும் ஓட மாட்டாங்கோ.

"ஒத்துப் போச்சு ஆயா"ன்னு வரிசைக்கே கேக்கற மாதிரி சொன்னா.

"அல்லாருக்குமா?"

"பத்துப் பேருக்குக் கம்மின்னு பேப்பர் சொல்லுச்சு. மேடமும் அதையே சொல்றாங்க. ஒருத்தருக்கு மட்டும் நிறைய வந்துச்சு. மேடம் கணக்குலயும் அதே ஒருத்தருக்குத்தான்."

அப்டியே என்னிய கட்டிக்கினா. கையி பூரா செதிலு எனக்கு, அது கண்டுக்கவே இல்ல. கைடும் ஒத்துக்கினாங்களாம். பேப்பரு பாஸாயிடுச்சு. ரெண்டு வருசம் வீணாவல. அவங்கம்மா வூட்லேர்ந்து பாலு, சேமியா போட்டு ஷீர் குர்மா செஞ்சி டப்பாவுல குடுத்து அனுப்பிச்சாங்கோ. வரிசையே நக்கி துன்னுச்சு.

துன்னு முடிச்சி கைய கழுவறப்பதான் எனக்கு ஒறச்சிச்சு. ஒருத்தருக்கு நெறைய.

"யாரு கண்ணு அது?"ன்னு கேக்க வாயெடுத்தேன். கேட்டா சொல்ல மாட்டா, அதுவும் தெரியும். அந்த ஒருத்தர் இப்போ டாக்டரம்மாகிட்ட அப்பப்ப போயி பேசிக்கினு கீறாங்களாம், நல்லா கீறாங்களாம், அவ்ளோதான் சொன்னா. பதினோரு பேருமே அடையாருக்கு போய் வந்ததால யாருன்னு எவளுக்கும் தெரியாது.

மொத தபா நாங்க சத்தமா பதில் சொன்னப்ப அந்த ஒருத்திக்கும் சேத்துத்தான் சொன்னோம். சிரிச்சிக்கினே சொன்னோம். எத்தினி வருசமா அவளுக்கு பதிலா நாங்களே பேசிக்கினு இருந்தோமோ... பக்கத்துலயே குந்திக்கினு.

அதனால இப்போ இன்னா பண்றேன்னு சொல்றேன், கேளுங்கோ. யாருன்னு தெரியலியா — பத்து பேர்கிட்டயும் நல்லா இருந்துட்டு பூடறேன். யாரையாவது யாருனா எதுனா கேட்டா வாய மூடிக்கினு கீறேன், அவளே சொல்லட்டும்னு. எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கு தெரியும். குளோரி பலகையாண்ட போயி சும்மா குந்திட்டு வர்றேன். செல்வி ஜோக்கு அடிச்சா மொறைக்காம சிரிக்கறேன். ஒருத்தி முன்னாடியே பேக்கப் பண்ணிக்கினு கெளம்புனா, எங்கடி போறன்னு கத்தறதில்ல.

நல்லாத்தான் போய்க்கினு கீது. ஒரே ஒரு விசயம் தான் ஒதைக்குது.

இந்த ஒரு வாரமா செல்வி எனக்கு தெனமும் டீ வாங்கி குடுக்கறா. குளோரி அதுவா வந்து என் ஐஸ் கட்டிய ஒடச்சி குடுக்குது. நேத்து நான் சொல்ல வந்தத வுட்டு எங்கயோ போயி நாலு கதை சொன்னேன் — பத்து பேர்ல ஒருத்தி கூட குறுக்க பேசல, அல்லாரும் பொறுமையா, அன்பா, தலையாட்டி கேட்டுக்கினு இருந்தாங்கோ.

ஏங்க... இவளுங்க அல்லாரும் அது நான்தான்னு நெனச்சிக்கினு கீறாளுங்களோ?